ஒரே இணைப்பு, வீடு முழுக்க: மெஷ் வைஃபையா, லேன் கேபிளா?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கூடத்தில் ரூட்டர், கடைசி அறையில் பிள்ளையின் வீட்டுப்பாடம், நடுவில் பாம் ஷெல்டர், அதாவது குண்டுத் தாக்குதலின்போது ஒதுங்குவதற்கான அறை. வைஃபைக்கு உண்மையான எதிரி அந்தத் தடித்த கான்கிரீட் சுவர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் தூரம் போகும். ஆனால் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அதிலேயே நெரிசல்படுவதால் வேகம் படுத்துவிடும்.

மெஷ் என்பது வீட்டில் பல இடங்களில் பெட்டிகளை வைத்து ஒரே வைஃபையைப் பரப்புவது. அதை வைப்பது எளிது. துளை போட வேண்டாம், வாடகை வீட்டுக்கும் ஒத்துவரும். ஆனால் பலர் இரண்டாவது பெட்டியைச் சிக்னலே வராத அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கே சிக்னல் வராதபோது அது எதைப் பரப்பும்? சிக்னல் நன்றாக வரும் பாதி வழியில் வையுங்கள். அப்போதும், இரண்டு பெட்டிகளும் காற்றிலேயே பேசிக்கொள்வதால் கொஞ்சம் வேகம் போகும்.

ரூட்டரிலிருந்து நேரே இழுக்கும் லேன் கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. கேட் 6 வகைக் கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தைக் குறையாமல் கொண்டுபோகும். அப்பா வீடியோ கூட்டத்தில் இருக்கும்போது தம்பி விளையாட்டைப் பதிவிறக்கினால் இணைப்பின் வேகம் பங்காகும்தான், ஆனால் வைஃபை நெரிசல் சேராது. புதிய பிடிஓ வீடுகளில் (முன்பதிவின் பேரில் வீவக கட்டித் தருபவை) அறைகளிலேயே டேட்டா பாயிண்ட், அதாவது கேபிள் செருகும் சுவர்த்துளை, இருக்கும்; அதைச் சும்மா விடாதீர்கள். பழைய வீட்டில் சுவரோரமாக டிரங்கிங் (கேபிளை மூடும் குழாய்ப்பட்டை) போட வேண்டும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது.

கைபேசிக்குக் கேபிள் உதவாது, சரி. அதனால் என் தேர்வு: மெஷ் பெட்டிகளையே கேபிளால் இணைப்பது. அறை வாடகைக்கு இருப்பவருக்கு கெஸ்ட் நெட்வொர்க், அதாவது உங்கள் சாதனங்களோடு சேராத வைஃபை, தனியாகக் கொடுங்கள்.