எண்ணூர் ரோடா, ஈசிஆரா?

வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டை. மாதக் கடைசியில் உள்ளூர் ஸ்பிரின்ட் டிரையத்லான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலுக்குக் குளம்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சைக்கிளை எங்கே ஓட்டுவது என்பதுதான் வீட்டில் தினசரி பஞ்சாயத்து.

ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ரோடு வழவழப்பு. சிக்னல் தாண்டிவிட்டால் ஒரே வேகத்தில் மிதிக்கலாம், கூட நாலு சைக்கிள்காரர்களும் கிடைப்பார்கள். ஆனால் அது தொடங்கும் திருவான்மியூர் போகவே 15 கிலோமீட்டருக்கு மேல். மூன்றரைக்கே எழ வேண்டும். வேலைக்குப் போகிறவனுக்கு வாரம் ஒருமுறைதான் கட்டுப்படியாகும்.

எண்ணூர் விரைவுச்சாலை வாசலைத் தாண்டினால் வந்துவிடும். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசை, தூசி, டீசல் புகை எல்லாம் உண்டு. இரண்டாவது வாரம் பின்டயர் புஸ்ஸென்றது. தடவிப் பார்த்தால் தலைமுடி தடிமனில் ஒரு கம்பித்துண்டு. வெடித்த லாரி டயரில் இருந்து சிதறியது. திருவொற்றியூர் பக்கம் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன்தான் டார்ச் அடித்து, "இங்க பாரு தம்பி" என்று காட்டினார்.

இருந்தாலும் என் ஓட்டு எண்ணூருக்குத்தான். சைக்கிளை வீட்டில் சாத்திவிட்டு, தொடை கல்லாய்க் கனக்கும்போதே ஓடத் தொடங்கலாம். போட்டியில் கவிழ்ப்பது ஓட்டத்தின் அந்த முதல் கிலோமீட்டர்தானே? ஞாயிறு மட்டும் ஈசிஆர். கன்டெய்னர் வரிசை நீளமான நாளில் இரண்டுமே வேண்டாம், குளத்துக்குப் போய்விடுவேன்.