பழைய .38-55 வின்செஸ்டருக்கு எந்தக் குண்டு, எந்த வெடிமருந்து?

அமெரிக்காவில் 1898 முடிவதற்குள் தயாரான துப்பாக்கிகளை அந்நாட்டின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் ‘பழம்பொருள்’ என்று தனி வகையில் வைக்கிறது. அந்த வகையில் இன்னும் கையில் எடுத்துச் சுடப்படும் ரைஃபிள்களில் முக்கியமானது வின்செஸ்டர் 1894. ஜான் பிரவுனிங் வடிவமைத்த, கீழேயுள்ள கைப்பிடியை அசைத்துத் தோட்டாவை ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் அது. பெயரைச் சொன்னதும் பலருக்கு .30-30 தோட்டாதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ரைஃபிள் முதலில் .32-40, .38-55 என்ற இரண்டு கருமருந்துத் (கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த பழைய வெடிமருந்து) தோட்டாக்களுக்குத்தான் வெளிவந்தது. பின்னாளில் வந்த, அதிக அழுத்தம் தரும் புகையில்லா மருந்தைத் தாங்கும் நிக்கல் எஃகுக் குழலும் .30-30-ம் 1895-இல்தான் வந்தன.

இந்த அலசல் .38-55 பற்றியது. தோட்டா என்பது பித்தளை உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது; குண்டு என்பது அதிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும். 1884-இல் மார்லின் நிறுவனம் தன் பல்லார்ட் ஒற்றைக் குண்டு ரைஃபிளுக்காக, குறிபார்த்துச் சுடும் போட்டிகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த தோட்டா இது. ஜெர்மானியக் குடியேறிகள் நடத்திய 200 கெஜப் போட்டிகளில் பேர் வாங்கியது. துல்லியம் அதன் பிறவிக் குணம். அப்படியிருந்தும் இன்று ஒரு பழைய 1894-ஐ எடுத்து, கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் இலக்கு அட்டையில் குண்டுகள் சிதறி விழுவதைப் பார்க்கலாம். ‘குழல் தேய்ந்துவிட்டது’ என்று அதை மூலையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குழலில் குறை இருக்காது. குண்டு அந்தக் குழலுக்குப் பொருந்தியிருக்காது, அவ்வளவுதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். மருந்தின் எடைக் கணக்கு எதையும் இங்கே தரவில்லை; அது அச்சிட்ட கையேட்டில், பழைய ரைஃபிள்களுக்கென்று ஒதுக்கிய பகுதியிலிருந்துதான் வர வேண்டும். அப்புறம், கையால் தோட்டா செய்வது அமெரிக்காவில் சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

செப்புறைக் குண்டும் வார்த்த குண்டும்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: வார்த்த ஈயக் குண்டு. கடையில் கிடைக்கும், மேலே செம்பு போர்த்திய செப்புறைக் குண்டுகளின் விட்டம் பெரும்பாலும் 0.375 அல்லது 0.377 அங்குலம். பழைய .38-55 குழல்களின் பள்ள விட்டமோ (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய புரிகளின் பள்ளத்துக்குப் பள்ளம் அளப்பது) 0.376-இலிருந்து 0.381 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். 0.380 குழலில் 0.375 குண்டைப் போட்டால் அது புரிகளை அரைகுறையாகப் பிடித்து, தள்ளாடிக்கொண்டே வெளியேறும். செப்புறை கெட்டியானது, தானாக விரிந்து இடைவெளியை அடைக்காது. போதாக்குறைக்கு, கருமருந்துக் காலத்து மென்மையான எஃகை அது சீக்கிரம் தேய்க்கும். வார்த்த குண்டை நம் குழலுக்கு ஏற்ற விட்டத்தில் நாமே செய்துகொள்ளலாம். வேறு காரணமே தேவையில்லை.

பருமன்: எல்லாவற்றையும் முடிவு செய்வது

முதல் வேலை குழலை அளப்பது. மென்மையான தூய ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவிய குழலுக்குள் வாய்ப்பக்கமிருந்து தட்டி இறக்க வேண்டும். 1894-இல் பின்பக்கமிருந்து நேராகக் கம்பி விட வழியில்லை. குழலைப் பிரித்து எடுக்கும் வகை மட்டும் விதிவிலக்கு. வெளியே வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண வெர்னியர் காலிபர் போதாது. இங்கே பேச்சே ஆயிரத்தில் ஒரு அங்குலத்தைப் பற்றியது.

அளவு கிடைத்ததும் பொதுவான விதி, பள்ள விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் கூடுதலான குண்டு. 0.379 குழலுக்கு 0.380 அல்லது 0.381. இதுவரை எளிது. சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. பருத்த குண்டை உறைக்குள் வைத்தால் உறையின் கழுத்தும் பருக்கும். இன்றைய பித்தளை உறைகளின் சுவர் தடித்திருந்தால் தோட்டா அறைக்குள் (குழலின் பின்முனையில் அது உட்காரும் இடம்) நுழையவே நுழையாது. அதனால் குண்டின் பருமனுக்கு இரண்டு எல்லைகள்: கீழே குழலின் பள்ளம், மேலே அறையின் கழுத்து. இரண்டையும் அளக்காமல் வார்ப்பு அச்சு வாங்குவது பணத்துக்குக் கேடு.

உறையின் நீளத்திலும் இரண்டு வகை உண்டு. பழைய .38-55 உறை ஏறக்குறைய 2.125 அங்குலம், பின்னாளில் வந்தது 2.080. உறை செய்யும் ஸ்டார்லைன் நிறுவனம் இரண்டையும் விற்கிறது. .30-30 தோட்டாவே .38-55-இலிருந்து பிறந்தது என்பதால் அதன் உறையை விரித்தும் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது இன்னும் குட்டையாகிவிடும். நீண்ட அறையில் குட்டை உறையைப் போட்டால் உறையின் வாய்க்கும் புரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். மென்மையான குண்டு அங்கே கொஞ்சம் வீங்கி, பிறகு மறுபடி நசுங்கிக் குழலுக்குள் போகும். பழைய ரைஃபிளுக்கு நீள உறையே என் தேர்வு, அறையும் அதே நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தால் மட்டும்.

மென்மையான கலவையும் கடினமான கலவையும்

கடினமான குண்டே நல்லது என்ற எண்ணம் நவீன ரைஃபிள்களிலிருந்து வந்தது. கலவைகளைக் கடினத்தின் வரிசையில் வைத்தால், தூய ஈயம் பிரினெல் என்ற கடின அளவில் சுமார் 5. 30 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 9. 20-க்கு 1 சேர்த்தால் 10. கார் சக்கரத்தில் மாட்டும் பழைய ஈய எடைக்கட்டிகள் 11 அல்லது 12. 90 ஈயம், 5 வெள்ளீயம், 5 அன்டிமனி கொண்ட லைமன் 2-ஆம் எண் கலவை 15. அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப் உலோகம் 22.

மருந்து பற்றியதும் குண்டின் அடியில் விழும் அழுத்தம் மென்மையான குண்டைச் சற்றே நசுக்கிப் பருக்கவைக்கும். அது பள்ளங்களை நிறைத்து வாயுவை அடைத்துவிடும். 22 கடினம் உள்ள லைனோடைப் குண்டு, கருமருந்துக் கால அழுத்தத்தில் அப்படி அசையாது. சிறிதாக இருந்தால் சிறிதாகவே போகும். பக்கவாட்டில் சூடான வாயு சீறி, குண்டின் ஓரத்தை உருக்கி, குழலில் ஈயத்தை அப்பிவிடும். குழலில் ஈயம் ஒட்டினால் ‘கலவை மென்மையாகிவிட்டது’ என்று இன்னும் கடினமாக்குகிறவர்கள் நிறைய. பழைய ரைஃபிளில் நோய் பெரும்பாலும் நேர் எதிரானது.

ஆனால் மென்மையான கலவையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே அச்சில் ஊற்றினாலும் அன்டிமனி இல்லாத கலவை ஆறும்போது அதிகம் சுருங்கும். லைமன் 2-ஆம் எண் கலவையில் 0.379 தரும் அச்சு, 20-க்கு 1 கலவையில் அதைவிடச் சிறிய குண்டைத்தான் தரும். மென்மை வேண்டும் என்று கலவையை மாற்றியவுடன் பருமன் கையை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே அச்சை ஆர்டர் செய்யும்போதே எந்தக் கலவையில் எந்த விட்டம் வேண்டும் என்று சொல்லி வெட்டவைப்பதுதான் சரி. தனி அச்சு செய்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே செய்வார்கள். கொஞ்சம் அதிகப் பணம் தரத் தகுந்த இடம் இதுதான்.

என் தேர்வு 20-க்கு 1. எடைக்கட்டி ஈயம் மலிவாக இருந்த காலம் போய்விட்டது. இன்று பல கட்டிகள் துத்தநாகம் அல்லது இரும்பு. உருக்கும் பானையில் துத்தநாகம் கலந்துவிட்டால் உலோகம் கெட்டியாகி அச்சின் விளிம்புகள் நிறையாது.

வார்க்கும்போது காற்றோட்டம் கட்டாயம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்பது அதைவிட நல்ல சூட்டில். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால்கூட நீராவி வெடித்து உலோகம் முகத்தில் தெறிக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

அடித்தொப்பியும் மசகும்

குண்டின் அடியில் மாட்டும் செப்புத் தொப்பி அதிக வேகத்துக்கு உதவும். .38-55-இன் பழைய வேகம் வினாடிக்குச் சுமார் 1300 அடிதான்; அந்த வேகத்துக்குத் தொப்பி இல்லாத குண்டு போதும். .30-30 என்றால் என் பதில் வேறு.

குண்டின் மேல் பாலியெஸ்டர் பவுடர் தூவி அடுப்பில் சுடும் முறை இப்போது பரவியிருக்கிறது. கை அழுக்காகாது, புகை குறைவு; புகையில்லா மருந்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. குண்டின் விட்டமும் சற்றுக் கூடுவதால், சிறிய குண்டு தரும் அச்சு வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு வழி. கருமருந்துக்கு மட்டும் அது வேண்டாம். அங்கே மசகின் வேலை ஈயத்தைக் காப்பது மட்டுமல்ல, எரிந்த கரியை இளக்கமாக வைத்திருப்பதும்தான். அதற்குத் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த பழைய மசகை மிஞ்ச எதுவுமில்லை. பெட்ரோலிய மசகு கரியோடு சேர்ந்து தார்போல இறுகிவிடும்.

கருமருந்தும் புகையில்லா மருந்தும்

கருமருந்தின் பக்கம் உள்ள நியாயம் பலர் நினைப்பதைவிட வலுவானது. .38-55 என்ற பெயரில் உள்ள 55, அந்த உறையில் அடைத்த கருமருந்தின் கிரெயின் எடை (ஒரு கிரெயின் ஏறக்குறைய 0.065 கிராம்). உறை நிறைந்திருக்கும், மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி எரியும். அழுத்தம் சட்டென்று எழுவதால் மென்மையான குண்டு உடனே பருத்து அடைக்கும். குழாய் மேகசினில் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) முன்னால் இருக்கும் தோட்டா முட்டினாலும், கெட்டிப்பட்ட மருந்து முட்டுக்கொடுப்பதால் குண்டு உள்ளே இறங்காது. குழலும் கலவையும் உறையும் மருந்தும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை என்பது அட்டையில் தெரியும்.

விலையும் உண்டு. சில குண்டுகளிலேயே கரி படிந்து சிதறல் தொடங்கும். இடையிடையே ஈரத்துணி விட வேண்டும், அதுவும் வாய்ப்பக்கமிருந்து, வாய் தேயாமல் வழிகாட்டி வளையம் வைத்து. அன்றே வெந்நீரில் கழுவி எண்ணெய் போட வேண்டும். உறைகளையும் கழுவ வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டால் குழலில் வளையம்போல வீக்கம் விழும் அபாயம் இருக்கிறது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து வாங்கினால் கழுவும் வேலை போய்விடும் என்று நம்ப வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியம் பெர்குளோரேட் விட்டுச்செல்லும் உப்பு, இரும்பைத் தின்னும்.

புகையில்லா மருந்தில் நாள் முழுவதும் சுடலாம், மாலையில் ஒரு துணி போதும். பழைய உறைகளில் இதமான அளவுக்கு அக்யூரேட் 5744 பலரின் தேர்வு. உறை நிறையாவிட்டாலும் ஒரே சீராகப் பற்றும்; எரியாத மணிகள் சில குழலில் கிடக்கும், அது வழக்கம்தான். வளைய வடிவ மணிகள் கொண்ட டிரெயில் பாஸ் உறையை நிறைக்கும் என்பதால் விரும்பப்பட்டது, ஆனால் சில ஆண்டுகளாகக் கிடைப்பது அரிது. யூனிக் போன்ற வேகமான மருந்தில் இதமான அளவு உறையின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரட்டை அளவு விழுந்தாலும் உறைக்குள் அடங்கிவிடும்; வெளியே தெரியாது. ரைஃபிள் சிதறுவது இப்படித்தான். எல்லா உறைகளையும் பலகையில் நிறுத்தி, விளக்கடித்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே குண்டை வைக்க வேண்டும். கருமருந்துக்கான கொள்ளளவில் புகையில்லா மருந்தை ஒருபோதும் அளக்கக் கூடாது. குண்டின் பள்ளத்தில் உறை வாயை அழுத்தி மடிப்பதும் இங்கே அவசியம், ஏனென்றால் பின்னால் முட்டுக்கொடுக்க மருந்து இல்லை.

புகையில்லா மருந்தின் அழுத்தம் மெதுவாக எழுந்தால் குண்டு பருத்து அடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே பருமன் முன்பே சரியாக இருந்தாக வேண்டும். சற்றுச் சிறிய குண்டைக் கருமருந்து மன்னிக்கும், புகையில்லா மருந்து மன்னிக்காது. ஒரே குண்டை இரண்டு மருந்திலும் சுட்டுவிட்டு ‘கருமருந்துதான் துல்லியம்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆக, அளவாகச் சுட்டு அன்றே கழுவத் தயாராக இருப்பவர்களுக்குக் கருமருந்து. அடிக்கடி, நிறையச் சுட விரும்புகிறவர்களுக்கு, சரியான பருமனில் வார்த்த 20-க்கு 1 குண்டும், பழைய வேகத்தைத் தாண்டாத 5744-ம். மார்லின் 1893 வைத்திருப்பவர்கள் முதலில் குழலைப் பார்க்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் ‘கருமருந்துக்கு’ என்றே பொறித்திருக்கும். பொறித்திருந்தால் அதுவே முடிவு.

எடையும் சோதனையும்

250 கிரெயினா, 300 கிரெயினா என்றால் 250. குழலின் புரி 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 255 கிரெயின் குண்டுக்காக அமைந்தது. நீண்ட, கனமான குண்டு குறைந்த வேகத்தில் நிலைகொள்ளத் திணறலாம். மூக்கு கண்டிப்பாகத் தட்டையாக இருக்க வேண்டும். குழாய் மேகசினில் கூர்மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைக் குத்தும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மேகசினை நிரப்பாமல் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டால் குழலின் அதிர்வு மாறாது. எண்ணெய் தடவிய குழலின் முதல் குண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 50 கெஜத்தில் குண்டுகள் விழும் கூட்டம் இறுகும் வரை 100-க்குப் போகாமல் இருப்பது நல்லது. திறந்த குறிமுள்ளோடு 100 கெஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் விழுந்தால், அந்தக் கலவையையும் விட்டத்தையும் எழுதி வைத்துக்கொண்டு அதே உலோகத்தில் இன்னும் ஒரு பானை வார்த்துக்கொள்ளலாம்.