பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், வீட்டில் மற்றவர்களுக்கு?

நான் வேலை பார்ப்பது தைவானில், சிஞ்சு நகரில். பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் திண்டுக்கல் வந்தேன். மதுரையில் சிகிச்சை நல்லபடியாக நடக்கிறது. என் கவலை அவருடைய கூடப் பிறந்தவர்களைப் பற்றி.

அவர் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கச் சொன்ன சொந்தக்காரர்களும் உண்டு. இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, தயவுசெய்து அப்படி ஒதுக்காதீர்கள். ஆனால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஒருவருக்கு இது இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பெரியம்மா ரத்த உறவு இல்லைதான். அவரோ கல்யாணமான நாளிலிருந்து பீடிப் புகையையும் விறகடுப்புப் புகையையும் சுவாசித்தவர்.

தைவானில் 2022 ஜூலையிலிருந்து, நெருங்கிய ரத்த உறவில் இந்த நோய் இருந்தால், புகைக்காதவர்களுக்கும் குறிப்பிட்ட வயது வரம்புக்குள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு (லோ டோஸ்) சி.டி. ஸ்கேன் அரசுச் செலவில் எடுக்கிறார்கள். இந்தியாவில் நுரையீரலுக்கு அப்படித் தேசியத் திட்டம் கிடையாது. காசநோய் என்றால் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து கூட இருப்பவர்களை விசாரிக்கிறார். புற்றுநோய்க்கு நாமேதான் கேட்க வேண்டும்.

கேட்டுப் போன தனியார் மையத்தில், 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் மார்பு எக்ஸ்ரே இருக்கு, அது போதும்' என்றார்கள். போதவே போதாது. எக்ஸ்ரே பரிசோதனையால் நுரையீரல் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்று 2011இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னொன்றில், நிறையப் புகைத்தவர்களிடம் லோ டோஸ் சி.டி., எக்ஸ்ரேயைவிட அந்த மரணத்தை 20 சதவீதம் குறைத்தது. சீட்டில் 'லோ டோஸ்' என்று எழுதி வாங்குங்கள். அதில் கதிர்வீச்சு, சாதாரண சி.டி.யில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

அப்புறம் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். பொறுமையாக எல்லோருடைய வயது, புகைப் பழக்கம் கேட்டு, அப்பாவுக்கும் அத்தைக்கும் ஸ்கேன் எழுதினார். பெரியம்மாவை முதலில் நேரில் வரச் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு ஒரு சின்னப் புள்ளி. வீடே பதறிவிட்டது. நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்புகூட இப்படித் தெரியும், உடனே ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டாம், சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து ஒப்பிடலாம் என்றார் மருத்துவர். அதற்குப் பழைய படங்கள் வேண்டும் என்பதால் அறிக்கையோடு அவற்றையும் பென்டிரைவில் கேட்டு வாங்கியிருக்கிறோம். அடுத்த ஸ்கேனுக்குத் தம்பி அழைத்துப் போகிறான்.