கை வலிக்கு மூணு பொருள் வாங்கினேன், உருப்படியா உதவுனது மூங்கில் ஊசிதான்

நேரா விஷயத்துக்கு வரேன். ஸ்வெட்டர் பின்னி பின்னி கை போச்சுன்னு போன நவம்பர்ல இருந்து மூணு பொருள் வாங்கினேன். விரல் நுனி மட்டும் வெளிய தெரியுமே, கைய இறுக்கிப் பிடிக்கற அந்த கம்ப்ரஷன் கிளவ்ஸ் ஒண்ணு, மணிக்கட்டுக்கு போடற பட்டை ஒண்ணு, அப்புறம் 80 செ.மீ. கேபிள் வச்ச மூங்கில் சர்குலர் ஊசி, அதாவது ரெண்டு குட்டி ஊசிய நடுவுல ஒரு வளையற வயர் சேர்த்திருக்கும். கிளவ்ஸுக்கு குடுத்த காசு தண்டம். பட்டை பரவால்ல, ஆனா அது ராத்திரிக்கு மட்டும். ஊசிதான் என்னை காப்பாத்துச்சு, அதனால அதப் பத்திதான் நிறைய எழுதப் போறேன்.

நாங்க குன்னூர்ல இருக்கோம். குளிர் ஆரம்பிச்சா மத்தியானம் வெயில்ல உக்காந்து பின்றது எனக்கு ஸ்கூல் காலத்துல இருந்தே பழக்கம். குழந்தைங்களுக்கு தொப்பி, சாக்ஸ்னு சின்ன சின்னதா பின்ற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, தம்பிக்கு ஃபுல் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சேன் பாருங்க, அங்க வந்துது வினை. அவன் ஆளு பீரோ மாதிரி இருப்பான், முதுகுப் பக்கம் மட்டுமே 120 ஸ்டிச், அதை 14 இன்ச் அலுமினிய ஊசி ரெண்டுல வச்சு பின்றேன், ஒரு அடி வளர்ந்ததுக்கு அப்புறம் துணி மொத்தமும் ஊசி நுனியில தொங்குது, அந்த வெயிட்ட தூக்கறது யாரு, என் மணிக்கட்டுதான். அப்ப அது புரியல. வயசாச்சு போலன்னு தைலம் தேச்சிட்டு பின்னிட்டே இருந்தேன்.

அப்புறம் ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வர ஆரம்பிச்சுது. வலது கையில கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மூணும் மரத்துப் போயி கட்டை மாதிரி கிடக்கும். எந்திரிச்சு தெர்மாமீட்டர உதறற மாதிரி கைய உதறுனா மெதுவா உணர்ச்சி வரும். சுண்டு விரல் மட்டும் ஜம்முனு இருக்கும். பிசியோகிட்ட இத சொன்னதும் அவர் முதல்ல கேட்டதே அந்த சுண்டு விரலத்தான். மணிக்கட்டுல ஒரு குறுகலான பாதை இருக்காம், அதுக்குள்ள விரல மடக்கற தசைநாரெல்லாம் போகுது, கூடவே மீடியன் நரம்பும் போகுது, அது நசுங்கினா இந்த மூணு விரலும் மோதிர விரல்ல பாதியும்தான் மரத்துப் போகும், சுண்டு விரலுக்கு வேற நரம்புங்கறதால அது தப்பிச்சிடும். கார்பல் டனல்னு சொல்றாங்க. சுகர், தைராய்டு இருந்தாலும் இது வரும்னு ரெண்டும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார், எனக்கு நார்மல். தூங்கும்போது நமக்குத் தெரியாமலே மணிக்கட்ட மடக்கி வச்சுக்கறோம், மடங்குனா அந்த பாதைக்குள்ள அழுத்தம் ஏறும், அதனால நேரா வச்சுக்க ராத்திரி பட்டை. 3 வாரத்துல அந்த 3 மணி அலாரம் நின்னுது. பட்டை வாங்கறவங்க உள்ள தகடு இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெறும் எலாஸ்டிக் துணி மணிக்கட்டு மடங்கறத தடுக்காது.

கிளவ்ஸ் கதை இன்னும் சின்னது. கதகதப்பா இருந்துச்சு, அது உண்மை. இங்க குளிருக்கு அதுவே ஒரு சுகம்தான். ஆனா அத போட்டுட்டு அதே பழைய ஊசிய அதே பிடியில பிடிச்சா வலி எப்படி போகும்? அதுலயும் கட்டை விரல் சந்துல தையல் உறுத்துது, உல்லன் நூல் அந்த தையல்ல மாட்டுது, ஒரு அளவு சின்னதா வாங்கிட்டா மரத்துப் போறது கூடத்தான் செய்யும். இப்ப அத போட்டுக்கிட்டு எங்க மாமியார் காலைல பேப்பர் படிக்கறாங்க.

இப்ப ஊசி. வாங்குன ஐடியா என்னோடது இல்ல, பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோடது. ரிட்டையர் ஆகி பல வருஷம், இன்னும் பின்றாங்க. ஒரு நாள் நான் பின்றத பாத்துட்டு, "ஏம்மா, அந்த ஊசி உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு, இப்படி கழுத்த நெரிக்கற"ன்னாங்க. கைய விரிச்சு பாத்தா ஆள்காட்டி விரல்ல ஊசி அமுங்குன இடம் வெள்ளையா ஒரு பள்ளம். வலது கை ஊசிய சும்மா இழுத்துப் பாத்தாங்க, வரல, அவ்ளோ டைட்டா போட்டிருக்கேன் ஸ்டிச். அலுமினியம் வழுக்குமா, எங்க கழண்டுடுமோங்கற பயத்துல இறுக்கிப் பிடிக்கறோம், இறுக்கிப் பிடிச்சா ஸ்டிச்சும் இறுகுது, இறுகுன ஸ்டிச்சுக்குள்ள ஊசிய நுழைக்க இன்னும் பலம், இப்படியே போகுது. மூங்கில் வழுக்காது, விட்டாலும் அங்கயே நிக்கும், அதனால கை தானா தளருது. இத அவங்க சொல்லி நான் நம்பல, ஒரு சாயங்காலம் பின்னிப் பாத்ததுக்கு அப்புறம்தான் நம்புனேன்.

ஆனா மூங்கில விட பெரிய விஷயம் கேபிள்தான். சர்குலர்னா தொப்பி மாதிரி வட்டமா பின்றதுக்கு மட்டும்னு இத்தனை வருஷம் நினைச்சிட்டு இருந்தேன், அப்படி இல்லீங்க, வரிசை முடிஞ்சதும் திருப்பிப் பிடிச்சு சாதா ஊசி மாதிரியே போகலாம். துணி பூரா கேபிள்ல இறங்கி மடியில கிடக்கும். கையில இருக்கறது ரெண்டு நுனி மட்டும். தம்பி ஸ்வெட்டர் மொத்தமா அரை கிலோ பக்கம் வரும், முன்பக்கம் பின்னும்போது அந்த வெயிட்டே கைக்கு தெரியல. மடியில ஒரு தலைகாணி வச்சு முழங்கைய அது மேல போட்டுக்கிட்டா தோளும் தூக்கிக்காது.

குறை இல்லாம இல்ல. பெட்டியில சுருட்டி வச்சு வந்த கேபிள் ஸ்ப்ரிங் மாதிரி துள்ளும், சுடுதண்ணியில ஒரு நிமிஷம் போட்டு நீட்டுனா அடங்கும், நுனிய தண்ணி படாம பிடிச்சுக்கணும். மூங்கிலும் கேபிளும் சேர்ற இடத்துல என்னோடதுல ஒரு மெல்லிய படி இருக்கு, ஒவ்வொரு ஸ்டிச்சும் அங்க வந்து நின்னு யோசிச்சுட்டுதான் ஏறும், வாங்கும்போது அந்த இடத்த நகத்தால தடவிப் பாருங்க. அக்ரிலிக் நூல்ல கை வேர்த்தா கிறீச்னு ஒட்டும், வேகமும் குறையும். வலது ஊசிய கக்கத்துல சொருகிக்கிட்டு பின்ற பழக்கம் உள்ளவங்களுக்கு இது சுத்தமா செட் ஆகாது, சொருக அங்க ஊசியே இருக்காது. எங்க அம்மா ஒரு வரிசை பின்னிட்டு "இது என்ன வயர் சமாச்சாரம்"னு திருப்பி குடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, பாதி ஸ்வெட்டர்ல ஊசிய மாத்தாதீங்க. நான் மாத்தி, பின்பக்கம் டைட்டாவும் முன்பக்கம் லூசாவும் வந்து, ரெண்டையும் சேர்த்து வச்சா 2 இன்ச் வித்தியாசம். பின்பக்கத்த பிரிச்சு மறுபடி பின்னேன். நூல இடது கையில பிடிச்சு பின்னா வலது கைக்கு வேலை கம்மின்னும் டீச்சரம்மா சொன்னாங்க, நேர் பின்னல் (நிட்) வந்துடுச்சு, அதோட மறுபக்கப் பின்னல் (பர்ல்) இன்னும் பல்லிளிக்குது, அத விட்டுட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை போன்ல அலாரம் வச்சு எந்திரிக்கறேன், அது மட்டும் விடல.

நிலைமை இப்போ? சாயங்காலம் ஒரு மணி நேரம் பின்றேன், வலி இல்ல, மரத்துப் போறதும் இல்ல. பருத்தி நூல் எடுத்தா மட்டும் கை கேக்குது, உல்லன் மாதிரி அது இழுபடாதுல்ல, எல்லா இழுப்பும் விரலுக்கே வருது, அதனால இப்போதைக்கு பருத்திக்கு லீவு. உங்களுக்கு பகல்லயும் மரத்துப் போறது விடாம இருந்தாலோ, டம்ளர் கையில இருந்து நழுவுனாலோ ஊசி, கிளவ்ஸ்னு ஆராய்ச்சி பண்ணாம டாக்டர பாருங்க.

வாங்கறவங்க நம்பர நம்பாம மி.மீ. பாத்து வாங்குங்க. நம்ம ஊர்ல 10 நம்பர் ஊசின்னா 3.25 மி.மீ., நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். அமெரிக்க கணக்கு அப்படியே தலைகீழ், அங்க 10 நம்பர்னா 6 மி.மீ. நான் ஆன்லைன்ல 10ன்னு பாத்த உடனே தட்டிட்டேன், வந்தத பாத்தா பென்சிலோட கொஞ்சம்தான் மெலிசு. திருப்பி அனுப்பிட்டு மி.மீ. பாத்து மறுபடி வாங்கினேன், ஆக மொத்தம் 12 நாள் போச்சு, கைக்கு அந்த 12 நாள் ரெஸ்ட் கிடைச்சதும் ஒரு காரணமா இருக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.