நியூ-என் ஆன்டிபாடி, குளோன் ஏ60: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

மூளைத் திசுவில் நியூரானை மட்டும் தனியாகக் காட்ட எதை வாங்கலாம் என்று எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நான் இன்றைக்கும் சொல்வது நியூ-என் ஆன்டிபாடியைத்தான் (நியூரானில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்வது), அதிலும் மெர்க் விற்கும் ஏ60 குளோனைத்தான். கேட்டலாக் எண் எம்ஏபி377. 1992-இல் ஆய்வுலகுக்கு அறிமுகமான சுண்டெலி மோனோகுளோனல் (ஒரே செல் வழியில் வந்த ஒரே வகை ஆன்டிபாடி) இது. இது பிடிக்கும் புரதம் ஆர்பிஃபாக்ஸ்3 என்பது 2009-இல்தான் தெரியவந்தது. அந்த 17 ஆண்டுகளும் புரதத்தின் பெயர் தெரியாமலே எல்லோரும் இதை வைத்து நியூரான்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் 4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய எலி மூளையை 40 மைக்ரான் சீவல்களாக வெட்டி, மிதக்கவிட்டுச் சாயமேற்றுகிறோம். 1:500 நீர்ப்பில், 4 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் ஹிப்போகாம்பஸை 20எக்ஸில் வைத்தால் அதன் சிஏ1 என்னும் பகுதியின் நியூரான் அடுக்கு துலக்கமாக எழுந்து நிற்கும். உட்கரு அழுத்தமாகவும் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் மெலிதாகவும் தெரியும். டெண்ட்ரைட் (நியூரானின் கிளை) கிளம்பும் இடத்தோடு சாயம் நின்றுவிடும். எல்லா உட்கருவையும் காட்டும் டாபி சாயத்தில் மட்டும் தெரிகிற சின்ன உட்கருக்கள் கிளையா, அதாவது நியூரான் அல்லாத துணைச் செல்கள். எண்ணுவது சுலபம். நடுவில் விலை குறைவு என்று வேறொரு பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) வாங்கிப் பார்த்தோம். அதில் உட்கருவைவிடச் சைட்டோபிளாசம்தான் பளிச்சென்றது, வெள்ளைப் பகுதிகூட மங்கலாக ஒளிர்ந்தது. மறுபடி ஏ60-க்கே வந்துவிட்டோம்.

பாராஃபின் சீவல் என்றால் சிட்ரேட் பஃபரில், பிஎச் 6-இல் சூடாக்காமல் இறங்காதீர்கள். உறையவைத்த மூளையிலிருந்து நியூரான் உட்கருக்களை மட்டும் பிரித்தெடுக்கிறவர்களுக்கு அலெக்சா 488 என்னும் ஒளிரும் சாயம் ஏற்கெனவே இணைத்த வடிவமும் கிடைக்கிறது. செகண்டரி, அதாவது முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரவைக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, போடும் வேலை தேவையில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. எல்லா நியூரானும் இதில் தெரியாது. சிறுமூளையை ஒருமுறை பார்த்தாலே போதும்: கிரானூல் செல்கள் நெருக்கமாக ஒளிரும், அதன் விளிம்பில் பர்கின்ஜி செல்கள் (சிறுமூளையின் பெரிய நியூரான்கள்) இருக்க வேண்டிய வரிசை வெறும் கருந்துளைகளாகக் கிடக்கும். மோப்பத்துக்கான ஆல்ஃபேக்டரி பல்பின் மைட்ரல் செல்களும் விழித்திரையின் ஒளியுணர் செல்களும் அப்படியே. பர்கின்ஜிதான் உங்கள் கேள்வி என்றால் இதற்குச் செலவழிக்காமல், அந்தச் செல்களைக் காட்டும் கால்பிண்டின் ஆன்டிபாடியை வாங்குங்கள்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். ரத்த ஓட்டம் தடைப்பட்ட மூளையில் நியூ-என் மறைந்தால் நியூரான் செத்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். செல் இருக்கும்போதே இந்தச் சாயம் போய்விடும் என்பது 2004-லேயே காட்டப்பட்டது. செல் இருக்கிறதா என்று காட்டும் நிஸ்ஸல் சாயமோ, சிதைகிற நியூரானைக் காட்டும் ஃப்ளூரோ-ஜேடோ பக்கத்தில் இல்லாத எண்ணிக்கையை நான் ஏற்பதில்லை.

சுண்டெலித் திசுவில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு தொல்லை உண்டு. ஏ60-உம் சுண்டெலி ஆன்டிபாடி என்பதால், செகண்டரி, திசுவிலேயே இருக்கும் ஐஜிஜி-யையும் (சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடி) பிடித்துக்கொள்ளும். காயம்பட்டு ரத்த-மூளைத் தடுப்பு உடைந்த இடமெல்லாம் பொய்யாக ஒளிரும். ஃபேப் துண்டுகளால் (ஆன்டிபாடியின் பிடிக்கும் பகுதி மட்டும்) தடுக்கலாம். ஆனால் முயலில் செய்த மோனோகுளோனலை வாங்குவதே நிம்மதி. எலித் திசுவுக்கு ஏ60-ஐத் தாராளமாக வாங்குங்கள். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்ததும் 1:200, 1:500, 1:1000 மூன்றும் போட்டுப் பார்த்து, கூடவே பிரைமரி (முதல் ஆன்டிபாடி) இல்லாத சீவல் ஒன்றும் கட்டாயம் வையுங்கள்.