கொல்லையில் கோல்ஃப் புல் விரிக்கப் போகிறீர்களா? புல்லுக்கு அடியில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள்

மாதவரம், கொளத்தூர், பெரம்பூர் வட்டாரத்தில் கொஞ்சம் கொல்லை மிச்சமிருக்கும் வீடுகளைத் தேடித்தேடி ஒரு செயற்கைப் புல் ஒப்பந்தக்காரர் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு இரட்டை ஏரிக்கு அருகில். அப்பா வாலிப வயதில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் இருந்த கோல்ஃப் திடலில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தவர். பிறகு ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார். முழங்கால் தேய்ந்து வெளியே போவது நின்றுவிட்டதால், பந்தை உருட்டிக் குழியில் விடும் 'பட்டிங்' பயிற்சிக்குக் கொல்லையில் 240 சதுர அடி தரை அமைத்துத் தரலாம் என்று நானும் தம்பியும் நினைத்தோம். பேசிய தொகை 62,000 ரூபாய். முன்பணம் மட்டும் 40,000.

நேரம் ஐப்பசி, 2024. "மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் அக்கா, தை பிறந்தால் விலை ஏறிவிடும்" என்றார் ஒப்பந்தக்காரர். ஐப்பசியில் தொடங்கும் வேலையை மழைக்கு முன்னால் முடிப்பேன் என்று சென்னையில் ஒருவர் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இந்த வேலையின் பாதி உயிர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மண்ணை மூன்று நான்கு அங்குலம் வெட்டி எடுத்து, தண்ணீர் இறங்கும் நெய்யாத் துணியை விரிக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி, ஜல்லியின்மேல் கிரஷர் தூள். ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தால் தட்டி இறுக்க வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் கொடுக்க வேண்டும். பிறகுதான் புல். ஏரியை ஒட்டிய எங்கள் பகுதியில் மண் களி. ஈரத்தில் தட்டினால் இறுகாது, பிதுங்கும். புல் விரிப்புகளை இணைக்கும் பசையும் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது.

நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அடித்தளம் மூடப்பட்டிருந்தது. "ஜல்லி எல்லாம் போட்டாகிவிட்டது அக்கா, படம் அனுப்புகிறேன்" என்றார்கள். அனுப்பிய படத்தில் இருந்தது வேறு யாருடைய வீட்டு ஜல்லியோ. எங்கள் மதில் சுவரில் ஓடும் பச்சைக் குழாய் அதில் இல்லை.

முதலில் கண்டுபிடித்தவர் அப்பாதான். ஒரு பந்தை வைத்து மட்டையால் மெல்லத் தட்டினார். நாலடி போய் நின்றது. இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டினார். வளைந்து சுவரோரம் போய்விட்டது. "தம்பி, இது பந்து ஓடுகிற புல் இல்லை. மாடு மேய்கிற புல்" என்றார். வேலையாள் சிரித்தான், ஒப்பந்தக்காரர் சிரிக்கவில்லை. பட்டிங் தரைக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் உயரத்தில் அடர்த்தியான குட்டைப் புல் வேண்டும். எங்களுக்கு விரித்தது பால்கனிக்கும் கடை வாசலுக்கும் போடும் 35 மில்லிமீட்டர் அலங்காரப் புல். இழைகளுக்கு இடையே தூவ வேண்டியது உருண்டை மணிகளாக இருக்கும் சிலிக்கா மணல். கையில் அள்ளிப் பார்த்தேன், சிப்பித் துண்டுகள். எந்தக் கடற்கரையில் அள்ளினார்களோ!

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். உலகம் முழுக்க ஒரே அளவு. இவர்கள் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பி.வி.சி. குழாயை அறுத்துப் புதைத்திருந்தார்கள். குழி சற்றுச் சிறியது என்பது இருக்கட்டும், அடியில் சிமெண்டு பூசி அடைத்துவிட்டார்கள். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது. அதற்குப் பிறகு டெங்கு ஆய்வுக்காக வீடு வீடாக வந்த மாநகராட்சிப் பணியாளர் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "என்னம்மா, புழு வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். குழி நிறையக் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

மழை விட்டும் தரை வடியவில்லை. மிதித்தால் சளக் என்றது. தம்பி ஒரு மூலையைப் பெயர்த்துத் தூக்கினான். அடியில் கறுப்பு பாலித்தீன் தாள். அதற்கும் புல்லுக்கும் நடுவே சாக்கடை நாற்றத்துடன் தண்ணீர் தேங்கியிருந்தது. தாளைக் கிழித்தால் உடைந்த செங்கல், டைல்ஸ் சில்லு, சிமெண்டுச் சாக்கின் ஒரு துண்டு. ஜல்லி என்று பில்லில் எழுதிய இடத்தில் இடிந்த வீட்டின் குப்பை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் வாட்டம் வீட்டுச் சுவரை நோக்கி இருந்தது.

கூப்பிட்டால், "இயற்கைக்கு நாங்கள் என்ன செய்வது அக்கா?" என்கிறார். எட்டு வருட உத்தரவாதம் என்று காட்டிய காகிதத்தை இப்போதுதான் முழுதாக வாசிக்க விட்டார்: அது புல் இழை வெயிலில் நிறம் மங்கினால் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம். விரித்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. உத்தரவாதம் என்று யாராவது காகிதத்தை நீட்டினால், எதற்கு, யார் தருகிறார் என்ற இரண்டையும் பாருங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: பள்ளம் வெட்டியதும் கொஞ்சம், ஜல்லியைக் கண்ணால் பார்த்ததும் கொஞ்சம். புல் விரிக்கும் முன்னால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தரை போட்டிருந்தாலும் மார்கழியில் சும்மா விட முடியாது. பனியில் நிழல் பக்கம் பாசி பிடிக்கும். முருங்கை இலை உதிர்ந்து இழைக்குள் மட்கும். காய்ந்த பிறகு நைலான் பிரஷால் இழை படுத்திருக்கும் திசைக்கு எதிராகத் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். தீபாவளிப் பொறி ஒன்று விழுந்தாலும் இழை உருகிக் கறுத்துவிடும். போகி அன்று எங்கள் பக்கம் டயர் எரிப்பது இன்னும் முழுதாக நிற்கவில்லை. கரி படிந்தால் மறுநாளே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். ஒப்பந்தக்காரரிடமிருந்து பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பில், பணம் அனுப்பிய விவரம், மூலையைத் தூக்கி எடுத்த படங்கள் எல்லாம் உதவுகின்றன. பில் தராமல் "ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று அவர் முதலில் பேசியதை அப்பா ஒப்புக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று.

மூலையைப் பெயர்த்த இடம் அப்படியே கிடக்கிறது. ஆணையம் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னால் காட்ட வேண்டும். அவரோ வேலை முடிந்த அன்று எங்கள் கொல்லையில் எடுத்த படத்தை இன்னும் வாடிக்கையாளர்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். பளபளவென்று பச்சை, ஓரத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி, சுவரில் பச்சைக் குழாய். அந்தப் படத்தைக் காட்டி யாராவது உங்களிடம் விலை பேசினால், அது எங்கள் வீடு.