சுங்கை சிப்புட் மாடி ஜிம்: ஐந்து மாதம் போய்வந்த அனுபவம்

எனக்கு வயது 47. உயரம் 154 சென்டிமீட்டர், எடை 50 கிலோ. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "உடம்ப நல்லா வச்சிருக்கம்மா" என்பார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக் கோவில் அன்னதானத்துக்குப் பத்துக் கிலோ அரிசிப் பையைக் காடியிலிருந்து சமையல்கட்டுவரை தூக்கிப் போவதற்குள் இரண்டு தடவை இறக்கி வைத்தேன். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு 58 வயது, நல்ல பருமன். அதே பையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசியபடியே நடந்தார். அவர்தான் இந்த ஜிம்முக்கு என்னைக் கூட்டிப்போனார்.

இதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு ஜிம்மில் சேர்ந்திருந்தேன். "நீங்க ஒல்லியாத்தானே இருக்கீங்க, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டு டிரெட்மில்லில் ஏற்றிவிட்டதோடு சரி. இரண்டு மாதப் பணம் போனது.

இங்கே முதல் நாள் மாஸ்டர் எடை பார்க்கவில்லை. 30 சென்டிமீட்டர் உயர மரப்பெட்டியில் நிமிஷத்துக்கு 24 தடவை வீதம் மூன்று நிமிஷம் ஏறி இறங்கச் சொன்னார். உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் முழுக்க நாடி எண்ணினார். எனக்கு 138, அக்காவுக்கு 109. பிறகு கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 விநாடி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தோம். நான் 11, அக்கா 17. பழகிய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளும், அதனால் குறைவாகத் துடித்தாலே போதும், ஓய்ந்ததும் சீக்கிரம் அடங்கும் என்றார் மாஸ்டர். இது கண்ணாடியில் தெரியுமா?

அதற்காக அக்காவுக்கு எல்லாம் சரி என்று அவர் சொல்லவில்லை. இடுப்பை அளந்தார். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்று சொல்லி கிளினிக்குக்கு அனுப்பினார். இனிப்பு நீர் நோய் (நீரிழிவு) ஆரம்பம். இப்போது மருந்து சாப்பிடுகிறார். அந்த நேர்மைக்காகவே இந்த இடத்தைச் சொல்லத் தோன்றியது.

மாதம் 70 வெள்ளி. பெண்களுக்குச் செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து முதல் ஏழு மணிவரை. இரண்டே காற்றாடி, வெக்கை தாங்காது. நாலு கிலோ டம்பெல் ஒற்றைதான் இருக்கிறது, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கைத்துண்டு கொண்டு போங்கள்.

என் எடை இப்போது 51. நாற்காலியில் 15 தடவை எழுகிறேன், நாடி 117. அக்காவின் முதல் நாள் கணக்கை எட்ட இன்னும் எட்டுத் துடிப்பு குறைய வேண்டும்.